வால்ட்டர் ஓவன் பெண்ட்லி

ஒரு மனிதரின் பெயர் அவரினும் பெரிதாக வளர்ந்து, முடிவில் அவரையே மறைத்துவிடுவது உலகில் அரிதன்று. பெண்ட்லி என்னும் பெயரைக் கேட்டவுடன் விலையுயர்ந்த மோட்டார் வண்டியொன்று நம் மனக்கண்முன் தோன்றுகிறது. அப்பெயரைத் தாங்கிய மனிதர் ஒருவர் இருந்தார் என்பதும், கரி படிந்த கைகளோடு புகைவண்டி எஞ்சினில் அவர் வேலை பயின்றார் என்பதும், தம் பெயரையே பிறருக்கு இழந்து நின்றார் என்பதும் பலருக்குத் தெரியாது. அவர் வாழ்க்கையை ஈண்டு சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதற்கண் நம் வாசகர் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். மோட்டார் யந்திரம் எத்துணை உயர்ந்த உலோகத்தால் செய்யப்பட்டதாயினும் அதன் உயிர் இரண்டு விஷயங்களில் அடங்கியிருக்கிறது. ஒன்று காலம், மற்றொன்று காப்பு. வால்வு திறக்கவேண்டிய கணத்தில் திறந்து, மூடவேண்டிய கணத்தில் மூடவேண்டும். தீப்பொறியும் உரிய கணத்தில் தோன்றவேண்டும். இதனையே தொழிலாளர் டைமிங் என்பர். நெருப்பும் நீரும் எண்ணெயும் அருகருகே ஓடினும் ஒன்றோடொன்று கலவாதபடி பொருத்துவாய்களை அடைத்து நிற்பதே காப்பு. காஸ்கெட், சீல் என்பன இதற்கு உதவுங் கருவிகள். பழைய பந்தய வண்டிகளைச் செப்பனிடுவோர் இன்றும் பெரிதும் பாடுபடுவது இவ்விரண்டின் பொருட்டே. பெண்ட்லியாரின் வாழ்நாள் முழுவதும் இவ்விரண்டோடு அவர் நடத்திய போராட்டமே எனலாம்.

வால்ட்டர் ஓவன் பெண்ட்லி 1888-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 16-ந் தேதி லண்டன் மாநகரின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியிற் பிறந்தார். ஒன்பது மக்களில் அவரே கடைக்குட்டி. குடும்பம் செல்வத்திற் குறையாதது. பிரிஸ்டல் நகரிலுள்ள கிளிப்டன் கல்லூரியில் அவர் கல்வி பயின்றார். ஆயினும் அவர் உள்ளம் புகைவண்டி எஞ்சின்களையே நாடிற்று. பதினாறாம் வயதில் பள்ளியை விட்டு, டான்காஸ்டரில் இருந்த பெரிய வடபகுதி இருப்புப்பாதைக் கம்பெனியின் தொழிற்சாலையில் பணங்கட்டிப் பயிற்சி மாணாக்கராகச் சேர்ந்தார். செல்வர் வீட்டுப் பிள்ளை விடியுமுன் எழுந்து, எண்ணெய்க் கறையோடு மாலையில் திரும்பும் வாழ்க்கையை விரும்பி ஏற்றார்.

அங்கே கழிந்த ஐந்து ஆண்டுகளே அவருடைய உண்மையான கல்லூரி. வார்ப்பு, கடைசல், பொருத்துதல் முதலிய தொழில்களை அவர் கையாற் கற்றார். விரைவு வண்டிகளில் இரண்டாவது தீ மூட்டுவோராகவும் வேலை பார்த்தார். லண்டனிலிருந்து லீட்ஸ் நகர் சென்று மீண்டு, ஒரே நாளில் நானூறு மைல் பிரயாணத்தில், ஏறத்தாழ ஏழு டன் நிலக்கரி எரிந்த நாளும் உண்டு. நீராவி யந்திரத்தில் பொருத்துவாய் ஒன்று தளர்ந்தால் சீறும் ஆவி அதனை உடனே அறிவித்துவிடும். வால்வு காலந்தவறினால் வண்டியின் மூச்சொலியே மாறிவிடும். யந்திரத்தின் குறையைச் செவியால் அறியும் வித்தையை அவர் அங்கேதான் பெற்றார் என்று கருதுகின்றோம்.

பின்னர் இருப்புப்பாதைத் தொழிலில் முன்னேற்றம் மெதுவாகவே வருமென உணர்ந்து அதனை விட்டார். மோட்டார் சைக்கிள்களில் அவருக்கு மிக்க ஆர்வம் இருந்தது. மான் தீவில் நடைபெறும் புகழ்பெற்ற பந்தயத்தில் 1909, 1910 ஆகிய இரு வருஷங்களிலும் ஓட்டினார். லண்டனில் வாடகை மோட்டார்க் கம்பெனியொன்றில், நாள்தோறும் ஓயாது ஓடி உழைத்த வண்டிகளைப் பழுதுபார்க்கும் மேற்பார்வையும் அவரிடம் இருந்தது. பொறுப்பற்ற கைகளிற் சிக்கிய யந்திரம் எவ்வெவ்விடத்தில் தளரும் என்பதை அறிய அதனினும் சிறந்த பள்ளி இல்லை.

1912-ல் தம் தமையனாரோடு கூடி டி.எப்.பி. என்னும் பிரெஞ்சு வண்டிகளை விற்கும் வியாபாரத்தை மேற்கொண்டார். மறுவருஷம் பிரான்சிலிருந்த அத்தொழிற்சாலைக்குச் சென்றபோது, மேஜைமீது காகிதம் பறவாதிருக்க வைக்கப்பட்டிருந்த சிறு பிஸ்டன் வடிவப் பொருளொன்று அவர் கண்ணிற் பட்டது. அது அலுமினியத்தால் ஆனது. அக்காலத்துப் பிஸ்டன்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பாலும் உருக்காலும் செய்யப்பட்டன. அலுமினியம் இலேசானது, உஷ்ணத்தை விரைவாகக் கடத்துவது, ஆனால் சூட்டில் மிகுதியாக விரிவது. இரும்பு உருளைக்குள் அது இறுகி நின்றுவிடும் என அஞ்சி எவரும் துணியவில்லை. பெண்ட்லியார் அலுமினியத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு செம்பு கலந்த உலோகத்தாற் பிஸ்டன் செய்வித்துத் தம் வண்டியிற் பொருத்தி, புரூக்லண்ட்ஸ் ஓட்டப் பாதையிற் புதிய வேகங்களை நிலைநாட்டினார். மற்றவர் காகிதத்தைக் காக்கும் பாரமாகக் கண்ட பொருள் அவருக்கு ஒரு வாயிலாயிற்று.

1914-ல் முதல் உலகயுத்தம் மூண்டது. பெண்ட்லியார் கப்பற்படையின் ஆகாய விமானப் பகுதியிற் சேர்ந்து, அலுமினியப் பிஸ்டனின் இரகசியத்தை மறைத்துவைக்காது, விமான யந்திரம் செய்த கம்பெனிகளுக்கு எடுத்துக் கூறினார். அக்காலத்தில் கிளெர்ஜே என்னும் சுழல் யந்திரம் வழக்கத்தில் இருந்தது. அதில் கிராங்க் ஷாப்டு அசையாது நிற்க, உருளைகள் யாவும் அதனைச் சுற்றிச் சுழலும். காற்றே அவற்றைக் குளிர்விக்கும். காற்று நேரே மோதும் பக்கம் குளிர்ந்தும் மறுபக்கம் சூடேறியும் இருந்தமையால் உருளை வட்டங்குலைந்து கோணும். அதனை அடைத்து நின்ற மெல்லிய வளையம் உடையும். விமானி நடுவானில் யந்திரத்தை இழப்பான். இங்கே காப்புக் கெடுதல் என்பது வெறும் எண்ணெய்க் கசிவன்று. ஓர் இளைஞனின் உயிர்ப்போக்கு. பெண்ட்லியார் உருளைகளை அலுமினியத்தாற் செய்து, உள்ளே வார்ப்பிரும்பு உறை பொருத்தி, உஷ்ணம் சமமாகப் பரவும்படி வகுத்தார். அவ்வாறு பிறந்தவையே பி.ஆர்.1, பி.ஆர்.2 என்னும் யந்திரங்கள். அவற்றுள் முன்னது சாப்வித் காமல் என்னும் போர் விமானங்கள் பலவற்றை இயக்கிற்று. யுத்தம் முடிந்தபின் அரசாங்கம் அவருக்குப் பட்டமும் 8,000 பவுன் பரிசும் அளித்தது.

நிற்க. அவர் வாழ்வில் 1919-ம் வருஷம் துன்பமும் முயற்சியும் ஒருங்கே வந்த வருஷம். உலகெங்கும் பரவிய விஷ சுரத்தில் அவர் மனைவியார் லியோனி மாண்டார். மணம் புரிந்து ஐந்தே ஆண்டுகள் சென்றிருந்தன. அதே வருஷத்தில் அவர் பெண்ட்லி மோட்டார்ஸ் என்னும் கம்பெனியை நிறுவினார். பர்ஜெஸ், வார்லி, காலப் என்பார் துணைநிற்க, லண்டன் பேக்கர் வீதிக்கு அருகே குதிரைலாயங்கள் இருந்த சந்தொன்றில், அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அவருடைய முதல் மூன்று லிட்டர் யந்திரம் உயிர்பெற்று முழங்கியது.

அந்த யந்திரத்தின் அமைப்பைச் சற்று விரிவாகக் கூறுவோம். நான்கு உருளைகள், ஒவ்வொன்றின் விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் 149 மில்லிமீட்டர். உருளை ஒன்றுக்கு நான்கு வால்வுகள், இரண்டு தீப்பொறிக் குமிழ்கள். சாதாரண யந்திரத்தில் உருளைகளின்மேல் மூடிபோன்ற ஒரு தலைப்பகுதி தனியே அமைந்து, இரண்டுக்கும் நடுவே காஸ்கெட் இருக்கும். எரியும் வாயுவின் அழுத்தம் முழுவதையும் அந்த மெல்லிய தகடே தாங்கவேண்டும். அக்காலத்தில் அது அடிக்கடி வெடித்து நீரும் நெருப்பும் கலந்தன. பெண்ட்லியார் அந்தப் பொருத்துவாயையே ஒழித்தார். தலையையும் உருளைகளையும் ஒரே வார்ப்பாகச் செய்தார். இல்லாத மூட்டு கசியாதன்றோ!

ஆனால் எந்த நன்மைக்கும் ஒரு விலை உண்டு. தலை கழலாத யந்திரத்தில் வால்வுகளைத் தேய்த்துச் சீராக்கவேண்டுமாயின், கனத்த வார்ப்பு முழுவதையும் கீழ்ப்பகுதியினின்றும் தூக்கவேண்டும். வால்வுகளை உருளையின் கீழ்வாய் வழியாகவே எடுக்கவேண்டும். அவற்றைத் திறக்கும் காம் ஷாப்டு யந்திரத்தின் உச்சியில் இருந்தது. முன்புறத்தில் நிமிர்ந்து நின்ற தண்டொன்றும் சாய்பற் சக்கரங்களும் அதனைச் சுழற்றின. வார்ப்பைத் தூக்கினாற் காலம் குலையும். மீண்டும் வைக்கும்போது அதனை முதலிலிருந்து கணித்துப் பொருத்தவேண்டும். காப்பைப் பெறக் காலத்தில் உழைப்பைக் கொடுத்தார் என்பதே இதன் சாரம்.

அவ்வுழைப்பு எத்தகையது என்பதையும் சொல்லுவோம். கிராங்க் ஷாப்டு இருமுறை சுழலக் காம் ஷாப்டு ஒருமுறை சுழலவேண்டும். நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் யந்திரத்தில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு இருபத்தைந்து முறை திறந்து மூடுகிறது. பற்சக்கரம் ஒரு பல் பிசகினாலும் யந்திரம் வலுவிழக்கும். சில யந்திரங்களில் வால்வும் பிஸ்டனும் மோதி வளையும். ஆதலின் செப்பனிடுவோன் முதலில் காமுக்கும் வால்வுக்கும் இடையேயுள்ள இடைவெளியை மெல்லிய உருக்குத் தகடுகளால் அளந்து சரிசெய்வான். பிறகே காலத்தைச் சோதிப்பான். இம்முறை மாறினால் அவன் காண்பது பொய்க்காலம். முதல் உருளையின் பிஸ்டனை உச்சிக்குக் கொணர்ந்து, அது கழிவு வாயுவைத் தள்ளிய உச்சியா, கலவையை அமுக்கிய உச்சியா எனத் தெளிந்து, பறக்கும் சக்கரத்திற் பொறித்த குறிகளை நோக்கிப் பொருத்துவான். மாக்னெட்டோ இரண்டும் ஒரே கணத்தில் பொறி தருகின்றனவா என்று பின்னர்ப் பார்ப்பான். கடைசியில் கையால் யந்திரத்தை இருமுறை முழுதாகச் சுழற்றி, எங்கும் தடையில்லையெனக் கண்ட பின்னரே உயிர்கொடுப்பான். அவசரக்காரனுக்கு இவ்வேலை ஏற்றதன்று.

சீல்களிலும் அவ்வாறே. அக்காலத்து யந்திரங்கள் பலவற்றில் இக்காலத்து ரப்பர் உதட்டு வளையங்கள் இல்லை. தண்டில் வெட்டிய திருகுவரை, வெளியேறும் எண்ணெயை உள்ளே திருப்பும். அதற்கும் உறைக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளி வேண்டும். தாங்கிகள் தேய்ந்து தண்டு ஆடினால் எந்த வளையமும் பயன்படாது. எனவே கசிவைக் கண்டவுடன் காஸ்கெட்டை மட்டும் மாற்றுகிறவன் நோயை விட்டு அடையாளத்துக்கு மருந்திடுகிறான். பழைய காஸ்கெட்டுகள் பலவற்றில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய தீங்கு செய்வதென்று பிற்காலத்தில் அறியப்பட்டமையால், அவற்றை உலர்ந்தபடி சுரண்டுதல் ஆகாது.

முதல் வண்டி 1921-ம் வருஷம் செப்டம்பரில் விற்பனையாயிற்று. ஐந்து வருஷ உறுதிமொழியோடு வண்டியை விற்றமை பெண்ட்லியாரின் தன்னம்பிக்கைக்குச் சான்று. பிரான்சில் லெ மான் நகரில் 1923-ல் தொடங்கிய இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தை அவர் முதலில் மதிக்கவில்லை. எந்த வண்டியும் முடிவுவரை நில்லாதென்றே எண்ணினார். டஃப், கிளெமெண்ட் என்னும் இருவர் அவருடைய வண்டியில் அவ்வாண்டு நன்கு ஓடி, 1924-ல் வெற்றியே பெற்றனர். 1927-ல் இரவில் நேர்ந்த பெரும் விபத்தில் மூன்று பெண்ட்லி வண்டிகளும் சிக்கின. இரண்டு அங்கேயே நின்றன. முன்புறம் நசுங்கிய மூன்றாவதை டேவிஸ், பெஞ்சபீல்டு என்போர் ஓட்டி வென்றனர். 1928-ல் பர்னாட்டோவும் ரூபினும் ஓட்டிய நாலரை லிட்டர் வண்டியின் சட்டம் விரிசல்கண்டு, நீர்க்குழாய் கழன்று, குளிர்நீரை இழந்தது. அந்நிலையிலும் பர்னாட்டோ அதனைப் பொறுமையோடு ஓட்டி இறுதிக் கோட்டைக் கடந்து வென்றார். தலையில் மூட்டில்லாத யந்திரத்தின் திண்மை அன்று நன்கு விளங்கிற்று. 1929-ல் முதல் நான்கு இடங்களையும் பெண்ட்லி வண்டிகளே பெற்றன. 1930-லும் வெற்றி தொடர்ந்தது.

அவ்விறுதி இரண்டு வெற்றிகளையும் தந்தது ஆறு உருளை யந்திரம். அதில் காம் ஷாப்டைச் சுழற்றப் பல்லையும் சங்கிலியையும் அவர் நம்பவில்லை. பின்புறத்தில் மூன்று நீண்ட கோல்களை அமைத்து, அவை மேலும் கீழும் அசைந்து சுழற்சியை உச்சிக்கு ஏற்றும்படி செய்தார். புகைவண்டி எஞ்சினின் சக்கரங்களைப் பிணைக்கும் கோல்களைப் பார்த்தவர் இதன் பிறப்பிடத்தை உடனே அறிவர். டான்காஸ்டரிற் பயின்ற சிறுவன், செல்வச் சீமான்களின் வண்டிக்குள்ளே மறைந்து வேலைசெய்தான்.

காற்றை வலிந்து புகுத்தும் சூப்பர்சார்ஜர் என்னும் கருவியைப் பொருத்தி வேகத்தைப் பெருக்கவேண்டுமென்று பிர்க்கின் என்னும் பந்தய வீரர் வற்புறுத்தினார். பெண்ட்லியார் இசையவில்லை. வலிமை வேண்டுமாயின் யந்திரத்தைப் பெரிதாக்குக. அதன் அளவுக்கு மிஞ்சிய அழுத்தத்தை அதன்மீது ஏற்றாதே என்பது அவர் கொள்கை. ஆயினும் கம்பெனியின் பணமும் தலைமையும் 1926 முதல் பர்னாட்டோவின் கையில் இருந்தன. பிர்க்கின் தம் விருப்பத்தைச் சாதித்தார். 1930-ல் லெ மானில் அத்தகைய வண்டிகள் இரண்டும் பந்தயத்தை முடிக்காமலே நின்றன. எனினும் அவ்வாண்டே பிர்க்கின் பிரெஞ்சுப் பெரும்பரிசுப் பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றார் என்பதையும் நடுநிலையோடு குறிப்பிடவேண்டும்.

வெற்றி பெருகிற்று, பணம் பெருகவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது, 1930-ல் வெளியிட்ட எட்டு லிட்டர் வண்டியை வாங்கும் செல்வர் குறைந்தனர். 1931-ல் கம்பெனி கடன்காரர் கைக்குச் சென்றது. நேப்பியர் கம்பெனி அதனை வாங்கும் என்று யாவரும் நம்பினர். அதற்காகப் பெண்ட்லியார் புதிய வண்டியொன்றையும் சிந்திக்கத் தொடங்கியிருந்தார். கடைசி நேரத்தில் பெயரறியாத ஒரு நிறுவனம் மிகுந்த தொகை கொடுத்துக் கைப்பற்றியது. அதன் பின்னே நின்றது ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியென்று பிறகே தெரியவந்தது. தொழிற்சாலையோடு பெண்ட்லியாரின் பெயரும், அவருடைய உழைப்பும் விலைபோயின. அங்கே உத்தியோகஸ்தராக இருந்தும், யந்திரம் வகுக்கும் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

1935-ல் அவர் லகோண்டா கம்பெனிக்கு வந்தார். அங்கே பன்னிரண்டு உருளை யந்திரமொன்றை உருவாக்கினார். 1939-ல் லெ மானில் அவ்வகை வண்டிகள் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன. இரண்டாம் உலகயுத்த காலத்தில், அவர் தலைமையில் வில்லியம் வாட்ஸன் என்பார் 2.6 லிட்டர் ஆறு உருளை யந்திரமொன்றை வகுத்தார். அவ்வண்டிக்குப் பெண்ட்லியின் பெயரைச் சேர்க்க முயன்றபோது, பெயருக்கு உரிமை கொண்டாடிய ரோல்ஸ்-ராய்ஸ் வழக்காடித் தடுத்தது. தாம் செய்த பொருளுக்குத் தம் பெயரைத் தாமே இடமுடியாத நிலை எத்தனை பேருக்கு வாய்க்கும்? 1947-ல் டேவிட் பிரவுன் என்பார் லகோண்டாவை வாங்கி, அந்த யந்திரத்தை ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.2 என்னும் வண்டியிற் பொருத்தினார். 1950-ல் அவ்வண்டிகள் லெ மானில் ஐந்தாம், ஆறாம் இடங்களில் வந்தன. பெயர் மறுக்கப்பட்ட யந்திரம் வேறொரு பெயரின் கீழ்ப் புகழடைந்தது.

அந்த யந்திரத்தில் இரண்டு காம் ஷாப்டுகளைச் சங்கிலி சுழற்றுகிறது. நாட்பட அது நீண்டால் காலம் பிந்தும். உருளை உறைகளைச் சூழ நீர் ஓடுகிறது. அடியிலுள்ள காப்புக் கெட்டால் நீர் எண்ணெயிற் கலந்து தாங்கிகளை அழிக்கும். இன்று அதனைச் செப்பனிடுவோர் எண்ணெய் வெண்ணிறமாகியுள்ளதா என்று முதலில் நோக்குவதும், சங்கிலியின் தளர்ச்சியை அளப்பதும் இதனாலேயே.

பெண்ட்லியார் ஆரவாரமற்றவர், சொற்சுருக்கமுடையவர். முதுமையில் பழைய பெண்ட்லி வண்டி உடையோரின் சங்கத்தார் அவரைத் தம் குலமுதல்வரைப்போற் போற்றினர். பெருவண்டிகளைப் படைத்த அவர் பிற்காலத்திற் சிறு வண்டியே ஓட்டினார். மக்கட்பேறு இல்லை. 1971-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி, எண்பத்திரண்டாம் வயதில் உலகவாழ்வை நீத்தார்.

அவர் காலத்துக் கம்பெனி பன்னிரண்டு ஆண்டுகளில் செய்தவை ஏறக்குறைய மூவாயிரம் வண்டிகளே. அவற்றுள் மிகப்பல இன்றும் ஓடுகின்றன. எங்கோ ஒரு கொட்டகையில், ஒருவன் அவ்வார்ப்பைத் தூக்கி வைத்து, குறியைக் குறியோடு பொருத்தி, மூச்சையடக்கி யந்திரத்தைச் சுழற்றுகிறான். கம்பெனியைப் பணம் வாங்கிற்று. பெயரை நீதிமன்றம் பிறர்க்கு உரியதாக்கிற்று. அந்தப் பொருத்தத்தின் செம்மையை மட்டும் எவராலும் அவரிடமிருந்து பறிக்க இயலவில்லை. நம் மாணவ நண்பர்கள் எத்தொழிலை மேற்கொள்ளினும், காணாத இடத்திலுள்ள மூட்டையும் கண்காணும் இடத்தைப்போலவே செம்மையாக்குவார்களாயின், பெண்ட்லியாரின் வாழ்வை நாம் எழுதியதும் அவர்கள் படித்ததும் பயனுடையனவாகும்.